மட்டமாக்கிய மைதாவை ஊதினால் ஏன் பறப்பதில்லை?

சுவிட்சர்லாந்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். இரவு லேசாகத் தூறியதாம். காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் நின்ற கார் முழுக்க மஞ்சள் புள்ளிகள். “சகாரா மண் எண்டு ரேடியோவில சொல்லினம். 2021 பிப்ரவரியிலயும் மலையில பனியெல்லாம் செம்மஞ்சளாப் போச்சு. மண் பாரமான சாமான்தானே, காத்து எப்பிடி அதைக் கடல் தாண்டிக் கொண்டு வருது?”

அருமையான கேள்வி. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். உங்கள் காரில் விழுந்தது மணல் அல்ல, புழுதி. மணல் அநேகமாக சகாராவிலேயே தங்கிவிடும். ஆனால் அந்த மணல் இல்லாமல் இந்தப் புழுதி கிளம்பியிருக்கவே முடியாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கடல் தாண்டும் கதை எளிது. பாலைவனத் தரை வெயிலில் கொதிக்கிறது, சூடான காற்று புழுதியோடு சில கிலோமீட்டர் உயரம் எழும்புகிறது, மேலே வீசும் காற்று அதை இழுத்துச் செல்கிறது. 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள துகள் அசையாத காற்றில் நாளொன்றுக்குச் சுமார் 700 மீட்டர்தான் கீழே இறங்கும். 4 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விட்டால் தரையைத் தொடக் கிட்டத்தட்ட 6 நாள் ஆகும். 2 மைக்ரான் துகள் நாளுக்குச் சுமார் 30 மீட்டர்தான் இறங்கும். சகாராவிலிருந்து ஆல்ப்ஸ் மலைக்கு வர ஓரிரு நாள் போதும். அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கக் கரைக்கு ஒரு வாரம்.

சரி, அவ்வளவு நுண்ணிய பொடி தரையைவிட்டு எப்படிக் கிளம்புகிறது? ‘லேசாக இருக்கிறது, காற்றடித்தால் பறக்கிறது’ என்றுதான் தோன்றும். இல்லை. சமையலறைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு தட்டில் மைதாவைப் பரப்பி, கிண்ணத்தின் அடியால் அழுத்தி வழவழவென்று மட்டமாக்குங்கள். பக்கவாட்டிலிருந்து சீராக ஊதுங்கள். மாவு பெரிதாக அசையாது. இப்போது அதன் மேல் ஒரு சிட்டிகை ரவையைத் தூவி அதே வேகத்தில் ஊதுங்கள். ரவை ஓடும், துள்ளும். துள்ளி விழுகிற இடத்திலெல்லாம் மாவில் சின்னச் சின்னக் குழி விழுந்து, மெல்லிய வெள்ளைப் புகை கிளம்பும்.

கணக்கு இதுதான். ஒரு துகளின் அகலம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். காற்று பிடித்துத் தள்ளும் பரப்பு நூறில் ஒரு பங்காகும். ஆனால் பக்கத்துத் துகளோடு ஒட்டிக்கொள்ளும் விசை பத்தில் ஒரு பங்காகத்தான் குறையும். அதனால் பெரிய துகளை எடை காப்பாற்றுகிறது, சிறிய துகளை ஒட்டும் தன்மை காப்பாற்றுகிறது. இரண்டு காவலும் குறைவாக உள்ள நடுத்தர அளவு ஒன்று உண்டு, ஏறக்குறைய 75 முதல் 100 மைக்ரான். அதாவது நம் தலைமுடியின் பருமன். பாலைவனத்தில் காற்று முதலில் தூக்குவது அந்த மெல்லிய மணலைத்தான்.

தூக்கப்பட்ட மணல் மேலே போய்விடாது. சாய்வாக எழும்பி, காற்றிடம் வேகம் வாங்கிக்கொண்டு, முழங்கால் உயரம்கூட எட்டாமல் திரும்பத் தரையில் மோதும். மோதிய வேகத்தில் பக்கத்து மணலைத் துள்ளவிடும். இதற்கு சால்டேஷன் என்று பெயர். லத்தீனில் துள்ளுவது என்று பொருள். ஒருமுறை இந்தத் துள்ளல் தொடங்கிவிட்டால் காற்று சற்றுத் தணிந்தாலும் நிற்காது, ஏனென்றால் அடுத்த மணலைக் கிளப்பும் வேலையை முந்தைய மணலின் அடியே பார்த்துக்கொள்கிறது. காற்றால் பிரிக்க முடியாத புழுதிக் கட்டிகளை உடைத்துச் சிதறடிப்பதும் இந்த அடிதான். சிதறிய புழுதியைச் சுழல்காற்று மேலே வாங்கிக்கொள்ளும்.

இதை அளந்து காட்டியவர் ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். லிபியப் பாலைவனத்தில் காரில் அலைந்தவர், பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரியில் காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டி மணலை ஓடவிட்டுப் பார்த்தார். சிமென்ட் பொடியை மட்டமாகப் பரப்பி, சிறு கூழாங்கல்லையே நகர்த்தும் அளவுக்குக் காற்றை விட்டார். பொடி அசையவில்லை! 1941-ல் அவர் வெளியிட்ட புத்தகத்திலிருந்துதான் இந்தத் துறை கிளைவிட்டது. செவ்வாய்க் கிரகத்து மணல்மேடுகளைப் படிப்பவர்களுக்கும் அடிப்படை அதுதான்.

உலகிலேயே அதிகம் புழுதி கிளம்பும் இடங்களில் ஒன்று ஆப்பிரிக்காவின் சாட் நாட்டிலுள்ள போடெலே பள்ளம். திபெஸ்தி, என்னெடி என்ற இரு மலைகளுக்கு நடுவே காற்று குறுகி, வேகமெடுத்து அங்கே இறங்குகிறது. தரையோ ஒரு பழைய ஏரியின் அடி. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஸ்பியன் கடல் அளவுக்குப் பரந்திருந்த ஏரி அது. அதில் வாழ்ந்து மடிந்த டயட்டம் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள்தான் இன்று காற்றில் போகின்றன. 1832 ஜனவரியில், கேப் வெர்டே தீவுகளுக்கு அருகே கப்பலில் படிந்த புழுதியைச் சார்லஸ் டார்வின் ஒரு பொட்டலம் சேகரித்தார். பெர்லினில் எரென்பெர்க் என்ற அறிஞர் டார்வின் அனுப்பிய புழுதி மாதிரிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 67 வகை நுண்ணுயிர்ப் படிவங்களைக் கண்டார்.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இந்தப் புழுதி கலந்து சிவந்த மழையை ‘இரத்த மழை’ என்று பயந்தார்கள். நம் பக்கத்தில், 2001-ல் கேரளத்தில் செந்நிற மழை பெய்தபோது வேற்றுக்கிரக உயிர் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. அது புழுதிகூட இல்லை, மரத்தில் வளரும் டிரென்டிபோலியா என்ற பாசியின் வித்துகள். ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்தால் தீரும் விஷயத்துக்கு எத்தனை பயம், எத்தனை பரிகாரம்! எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பருவநிலை மாறும்போது புழுதி கூடுமா, குறையுமா? ஜாஸ்பர் காக் என்ற விஞ்ஞானியின் தலைமையிலான குழு, பனிப்பாளம், கடலடிச் சேறு, கரிச்சதுப்பு ஆகியவற்றில் படிந்த பழைய புழுதியைக் கணக்கிட்டு 2023-ல் ஒரு முடிவைச் சொன்னது: 1800-களின் நடுப்பகுதியோடு ஒப்பிட்டால் காற்றிலுள்ள பாலைப் புழுதி சுமார் 55 சதவீதம் கூடியிருக்கிறது. மொத்தத்தில் அது பூமியைச் சற்றுக் குளிர்விப்பதாகவே தெரிகிறது. அப்படியானால் நாம் உண்டாக்கிய வெப்பத்தில் ஒரு பகுதியை இத்தனை காலம் புழுதி மறைத்துவந்திருக்கிறது. ஆல்ப்ஸ் பனியில் படிந்தாலோ கதை வேறு: கறுத்த பனி வெயிலை அதிகம் உறிஞ்சிச் சீக்கிரம் உருகும்.

வருங்காலக் கணக்கு காற்றை மட்டும் நம்பியில்லை, தரையையும் நம்பியிருக்கிறது. மழையில் இறுகிய மேல்தோடும், மண்ணைப் பிடித்து நிற்கும் ஒரு புல்லும் இருந்தால் மணல் துள்ளாது. மணல் துள்ளாவிட்டால் புழுதி இல்லை. ஆரல் கடலுக்கு வந்த ஆறுகளைப் பருத்தி வயலுக்குத் திருப்பியதில் கடலடி வறண்டு, உப்புப் புழுதி கிளம்பும் புதுப் பாலைவனமே உருவாகிவிட்டது. இன்று அங்கே சாக்சால் மரக்கன்றுகளை நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அறிய நீண்டகாலப் பதிவு வேண்டும். ஜோசப் ப்ராஸ்பெரோ என்ற விஞ்ஞானி, அட்லாண்டிக்கின் மறுபக்கத்தில் இருக்கும் பார்படோஸ் தீவில் 1965-ல் புழுதியை அளக்கத் தொடங்கினார். வடிகட்டியை மாற்று, எடை போடு, எழுதி வை. பல பத்தாண்டுகளாக இதே வேலை. சகாராவின் தெற்கு விளிம்பான சாஹேல் பகுதி 1970, 80-களில் வறண்டபோது, கடலுக்கு அந்தப் பக்கம் பார்படோஸில் புழுதி கூடியதை அந்தப் பதிவுதான் காட்டியது. மூன்று வருடத் திட்டத்துக்கு மட்டும் பணம் கொடுக்கும் முறையில் இப்படி ஒரு பதிவு பிறக்காது. மேற்காசியப் புழுதி அரபிக்கடல் மேல் காற்றைச் சூடாக்கி, ஒரு வாரத்துக்குள் இந்தியாவின் பருவமழையையே கூட்டக்கூடும் என்று 2014-ல் வினோஜ் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். மழையை நம்பி வாழும் நாடு புழுதியை விடாமல் அளப்பதற்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், சகோதரி, கார் கண்ணாடியைக் காய்ந்த துணியால் துடைத்துவிடாதீர்கள். அந்தப் புழுதியில் குவார்ட்ஸ் இருக்கும், அது கண்ணாடியைவிடக் கடினம், கீறிவிடும். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்சம் தட்டி எடுத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூட நுண்ணோக்கிக்குக் கொடுத்தனுப்புங்கள்.