பூட்டிய வீட்டுக்கு என்ன மதம் போடுவது?

காரைக்குடி வட்டாரத்தில் கணக்கெடுப்புப் படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்குவதுதான் பல வருஷமாக என் பிழைப்பு. இந்த மதம் குறைந்துவிட்டது, அந்த மதம் ஏறிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காட்டி “நிஜமா சார்?” என்று யாராவது கேட்காத வாரமே இல்லை. யாரிடம், என்ன கேட்டு வாங்கிய எண் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

“2024 சென்சஸ்படி” என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். 2011-க்குப் பிறகு கணக்கெடுப்பே முடியவில்லை. 2021-இல் நடக்க வேண்டியது 2027-க்குத் தள்ளிப்போனது.

சரி, 2011-ஐயே பார்ப்போம். தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 2001-இல் 37.85 லட்சம், 2011-இல் 44.18 லட்சம். ‘பத்தே வருஷத்தில் 6 லட்சம் கூடிவிட்டது’ என்று எழுதினால் பொய்யில்லை. ஆனால் மாநில மக்கள்தொகையும் 6.24 கோடியிலிருந்து 7.21 கோடி ஆயிற்று. பங்கு 6.07 சதவீதத்திலிருந்து 6.12 ஆனது, அவ்வளவுதான். தவிர, அந்தப் படிவம் இப்போதைய மதத்தை மட்டுமே கேட்கும். பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு, மதமாற்றம் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கும்.

எங்கள் பக்கம் குடிபெயர்வுதான் பெரிய விஷயம். இந்தத் தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியேறும் வீடு. காவலுக்கு ஒரு குடும்பம் மட்டும் இருக்கும். வீட்டுக்காரர் சென்னையில் எண்ணப்படுவார், சிங்கப்பூரில் இருந்தால் நம் கணக்கிலேயே வரமாட்டார். ஆனால் கல்யாணமான நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) என்றால், அவர் சமூகத்தின் நகரக் கோயிலில் அவர் ஒரு புள்ளி, அதாவது வரி கட்டும் ஒரு குடும்பக் கணக்கு. வரி கேட்டுக் கடிதம் போகும். ஒரே ஆள், இரண்டு கணக்கு. ஊரில் சதவீதம் மாறினால் யாரோ ரயில் ஏறியிருக்கலாம், மதம் மாறியிருக்க வேண்டியதில்லை.

படிவத்துக்குப் பின்னால் சட்டமும் நிற்கிறது. 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி (பின்னால் வந்த திருத்தங்களோடு) பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கியர், பௌத்தருக்கு மட்டும்தான். சுவரில் சிலுவை மாட்டிய ஒரு வீட்டில் பெரியவர், “இந்துன்னே போட்டுக்கங்க தம்பி” என்றார். போட்டேன். சொன்னதை எழுதத்தான் எனக்கு அதிகாரம்.

மதமாற்றத்தையே நேராகக் கேட்ட ஆய்வு அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தினுடையது. 2019-20-இல் நாடு முழுக்க சுமார் 30,000 பேரிடம் வளர்ந்த மதத்தையும் இப்போதைய மதத்தையும் கேட்டார்கள். இந்துவாக வளர்ந்து இப்போது இந்து இல்லை என்றவர்கள் 0.7 சதவீதம், வேறு விதமாக வளர்ந்து இந்து என்றவர்கள் 0.8. நாட்டுக்கு இது நல்ல எண். இதை வைத்துத் தேவகோட்டையைப் பற்றிப் பேச முடியாது. அந்த 30,000-இல் நம்மூர் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

வழிபாட்டுக் கணக்கு இன்னும் வழுக்கும். “கோயிலுக்கு எப்ப எப்பப் போவீங்க ஆச்சி?” என்றேன். “தினமும்தான்.” முழங்கால் வலியால் ஆறு மாசமாக வாசல்படி தாண்டவில்லை என்று மருமகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். ஆச்சி பொய் சொல்லவில்லை; தான் எப்படிப்பட்டவர் என்று சொன்னார். அப்புறம் கேள்வியையே மாற்றிக்கொண்டேன்: “போன பிள்ளையார் நோன்புக்கு இழை எங்க எடுத்துக்கிட்டீங்க?” நகரத்தார் வருஷத்துக்கு ஒருமுறை இந்த நோன்பில் திரி ஏற்றிய மாவை எடுத்துக்கொள்வதுதான் இழை எடுப்பது. இதற்குச் சட்டென்று பதில் வருகிறது. ஊர் வீட்டில், மகன் வீட்டில், சென்னையில் நகரத்தார் சங்கத்தில், இல்லாவிட்டால் “போன வருஷம் எடுக்கலையே, தம்பி”.