கூர்சீட்டும் சகோதரியின் கையொப்பமும்

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு வரும் பாகப்பிரிவினை வழக்குகளில், யாருக்கு எத்தனை பங்கு என்ற கேள்வியைவிட, முந்தைய தலைமுறை திண்ணையில் எழுதி முடித்த கூர்சீட்டே (யாருக்கு எந்தச் சொத்து என்று குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் பங்குப் பட்டியல்) பெரும்பாலும் சிக்கலின் மூலமாக இருப்பதை வழக்கறிஞராகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அண்ணன் தம்பிகளும் ஊர்ப் பெரியவர்கள் இருவரும் கையொப்பமிட்ட அந்தத் தாளில், குடியாத்தத்துக்கோ ஆம்பூருக்கோ கட்டிக்கொடுத்த சகோதரியின் பெயரே இருக்காது. ‘நகை போட்டுச் சீர் செய்துவிட்டோமே’ என்பார்கள். சீர் செய்ததால் சட்டப்படியான பங்கு தீர்ந்துபோவதில்லை.

‘பட்டா என் பெயரில் இருக்கிறது’ என்பது அடுத்த வாதம். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். பணி நடந்தபோது, வட ஆற்காட்டுக் கிராமங்களில் பல குடும்ப நிலங்கள் மூத்தவர் ஒருவர் பெயரிலேயே பதிவாயின. பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவு. அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழும் வாரிசுகள் யார் என்று சொல்லுமே தவிர, பங்கைப் பிரித்துத் தராது.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை தம் சுயசம்பாத்தியச் சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருடன் அவருடைய தாயாரும் சமபங்கு பெறுகிறார். இந்தத் தாயாரைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், தாயார் என ஐவர் இருந்தால் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. பின்னர் பாட்டியும் உயிலின்றி இறந்தால், அவருடைய ஐந்தில் ஒரு பங்கில் அத்தைகளுக்கும் சித்தப்பாக்களுக்கும் உரிமை வந்துவிடும். ஆண்டுகள் கழித்து மனை விற்கப்போகும்போது அத்தையின் கையொப்பம் எங்கே என்று வாங்குபவர் கேட்பது இதனால்தான்.

பூர்வீகச் சொத்தில், திருமணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-இலேயே பிறப்புரிமை தந்தது. 9.9.2005 முதல் நடப்புக்கு வந்த மத்தியச் சட்டத்திருத்தம் திருமணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. அந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 11.8.2020 அன்று தெளிவுபடுத்தியது. ஆயினும் 20.12.2004-க்கு முன் முறையாக முடிந்த பிரிவினையை இது கலைப்பதில்லை. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்ற வாதம் மட்டும் எளிதில் எடுபடாது. இவையெல்லாம் இந்துக் குடும்பங்களுக்கே பொருந்தும். இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்கு விதிகள் வேறு.

சகோதரி மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவருடைய விருப்பம். அதற்குப் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் வேண்டும்; முத்திரைத்தாளில் கைநாட்டு வாங்கி பீரோவில் வைப்பதால் உரிமை மாறாது. ஏதோ ஒரு படிவம் என்று சொல்லிப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துவந்து வாங்கிய கையொப்பமோ பின்னாளில் மோசடி வழக்காகத் திரும்பும். மறுபுறம், தமக்குப் பங்கு மறுக்கப்படுவது தெரிந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள், கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து வழக்குத் தொடுக்க 12 ஆண்டுகளே உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும்.

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது சர்வே எண்ணும் நான்கெல்லையும் மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். நம் பகுதியில் அடிதடி வரை போவது பெரும்பாலும் கிணற்றால்தான். எந்தப் பங்குதாரருக்கு எந்த நாளில் தண்ணீர் முறை, ஒருவர் பெயரில் உள்ள இலவச மின் இணைப்பை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்துவது, மோட்டார் பழுதானால் செலவு யாருடையது, பின்பக்க நிலத்துக்கு வண்டிப்பாதை எத்தனை அடி என்பவற்றையும் வரைபடத்துடன் எழுதி, சகோதரிகள் உட்பட அனைவரும் ஒப்பமிட்டுப் பதிவு செய்த பின்னரே பட்டா மாற்றத்துக்கு மனு கொடுங்கள்.