பெண்ணிடம் எப்போது கேட்கிறோம்?

நிக்காஹ் அன்று பெண் இருக்கும் அறைக்கு இரண்டு சாட்சிகளோடு வந்து, இன்னார் மகன் இன்னாருக்கு இத்தனை பவுன் மஹருக்கு (மணமகன் பெண்ணுக்குக் கொடுப்பது) உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று கேட்கிறார்களே, அந்த நேரத்தில் எந்தப் பெண்ணால் "இல்லை" என்று சொல்ல முடியும்? மண்டபம் நிறைய ஆட்கள், பிரியாணி தம் போட்டாகிவிட்டது, வாப்பா வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சலாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் மாமியும் லாத்தாவும் (அக்கா) "சொல்லும்மா, சொல்லு" என்று தோளைத் தொடுகிறார்கள். அவள் தலையை ஆட்டுவாள், தஃப்தரில், அதாவது நிக்காஹ் பதிவேட்டில், கையெழுத்துப் போடுவாள்.

குடும்ப நல வழக்குகள் பார்க்கிற வழக்கறிஞர் நான். கடற்கரை ஊர்களில் இருந்துதான் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள், நானும் அப்படியொரு ஊரில் பிறந்தவள். குலா, அதாவது மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு, கேட்டு வரும் இளம்பெண்களிடம், கல்யாணத்துக்கு முன்னால் உன்னைக் கேட்டார்களா என்று தவறாமல் விசாரிப்பேன். "கேட்டாங்க மேடம், நிக்காஹ் அன்னிக்கு" என்பதுதான் அடிக்கடி வரும் பதில். அது கேட்டதாகாது. கேட்க வேண்டியது பேச்சு தொடங்கும்போதே, மாப்பிள்ளை வீட்டுக்கு வார்த்தை கொடுப்பதற்கு முன், அவளைத் தனியாக உட்காரவைத்து. இதை எல்லா வாப்பா, உம்மாக்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

கன்னிப் பெண்ணின் மௌனமே சம்மதம் என்று ஹதீஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெண்ணின் அனுமதியைக் கேட்காமல் மணமுடிக்கக் கூடாது என்று நபி (ஸல்) சொல்கிறார்கள், அவள் வெட்கப்படுவாளே என்று அவர்கள் மனைவி ஆயிஷா (ரலி) கேட்க, அவளது மௌனம் அனுமதி என்று பதில் வருகிறது. வெட்கப்படுகிறவளுக்குக் கொடுத்த சலுகை அது. கேட்காமல் விடுவதற்கு யாருக்கும் கொடுத்த சலுகை இல்லை, பயத்தில் வாயடைத்து நிற்பதும் அந்த மௌனத்தில் சேராது. தன் விருப்பமில்லாமல் தந்தை மணமுடித்து வைத்தார் என்று கன்ஸா பின்த் கிதாம் (ரலி) வந்து சொன்னபோது அந்தத் திருமணமே ரத்தானது. பரீரா (ரலி) கதை நம் பெண்களுக்கு இன்னும் அதிகமாகத் தெரிய வேண்டும். அடிமையாக இருந்து விடுதலையானதும் கணவரைப் பிரிந்தவர் அவர். அவரைப் பிரிய மனமில்லாமல் கணவர் முகீஸ் மதீனாத் தெருக்களில் அழுதுகொண்டே பின்னால் போகிறார், நபியே அவருக்காகப் பேசுகிறார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்கிறார். இல்லை, பரிந்துரைதான் என்றதும், அப்படியென்றால் எனக்கு அவர் வேண்டாம் என்கிறார். அதோடு சரி. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

இப்போது நடப்பது என்ன? மாப்பிள்ளை துபாயிலோ சவூதியிலோ இருந்து ஒரு மாத லீவில் வருகிறார். வந்த வாரம் பெண் பார்க்கிறார்கள், அடுத்த வாரம் நிச்சயம், லீவு முடிவதற்குள் நிக்காஹ். இருவரும் பேசினார்களா என்றால், தட்டில் ஜூஸ் கொண்டுபோய்க் கொடுத்தாள், சலாம் சொன்னாள், அவ்வளவுதான். மணக்கப்போகும் பெண்ணைப் பார்த்துக்கொள், அது உங்களுக்குள் அன்பு நிலைக்க உதவும் என்று நபித்தோழர் முகீரா (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டதை ஆண்கள் பக்கத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறோம். உம்மாவோ காக்காவோ (அண்ணன்) கூட இருக்க, அவளும் பார்க்கட்டும், பேசட்டும். கல்யாணத்துக்குப் பிறகு எங்கே இருப்போம், படிப்பைத் தொடரலாமா, வேலைக்குப் போகலாமா, கடன் எவ்வளவு இருக்கிறது, ஏதாவது மருந்து தொடர்ந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்கட்டும். ஒத்துக்கொண்ட நிபந்தனைகளை நிக்காஹ் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள முடியும் என்பது நிறைய வீடுகளில் தெரியவே தெரியாது.

சரி, அவளே ஒருவரை விரும்பினால்?

ஒருமுறை ஒரு வாப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). பையன் மேல் கேஸ் போட வேண்டும் என்றார். மகளுக்கு 24 வயது, சென்னையில் வேலை. பையன் வாணியம்பாடிக்காரர், அதே அலுவலகம், ஐந்து வேளை தொழுகிறவர், வீட்டில் உருது பேசுகிறவர்கள். 24 வயதுப் பெண் விரும்பினால் அதில் கேஸ் போட என்ன இருக்கிறது காக்கா என்றேன். அவள் பேசாமல் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தாள். பையனின் சம்பளச் சீட்டு, டிகிரிச் சான்றிதழ், அவர்கள் ஜமாஅத் கொடுத்த கடிதம், வீட்டின் போட்டோ, எல்லாம் வரிசையாக. பேங்கில் லோன் கேட்கப் போகிறவள் போல அத்தனையும் சேர்த்திருந்தாள். வாப்பா ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசியில்தான் சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த வீட்டுல உருது பேசுவாங்க. நாங்க மவுத்தாப் போன பிறகு இவ மனசு சரியில்லேன்னா அங்க யார்ட்ட போய்ச் சொல்லுவா?"

அதுவரை வீட்டில் அவர் சொல்லிக்கொண்டிருந்தது, ஊருக்குள்ளேதான் சம்பந்தம், வெளியே கொடுத்தால் ஜமாஅத்தில் முகம் காட்ட முடியாது என்பதுதான். உண்மையான பயம் வேறு. அந்தப் பயத்துக்கு மகளிடம் பதில் இருந்தது, சென்னையிலேயே குடியிருக்கப் போகிறோம் வாப்பா என்று. இவர் கேட்டதில்லை, அவளுக்கும் சொல்ல இடம் கிடைத்ததில்லை. பிறகு அவர் மச்சானோடு வாணியம்பாடி போய் அந்த மஹல்லாப் பள்ளியில் ஜும்ஆ தொழுதுவிட்டு விசாரித்தார். அவரே வலீயாக, அதாவது பெண்ணின் பொறுப்பாளராக, நின்று நிக்காஹ் நடந்தது.

எல்லாம் இப்படி முடிவதில்லை. போனைப் பிடுங்கி வைத்து, வேலையை விடச்சொல்லி, அவசரமாக வேறு மாப்பிள்ளை பார்க்கிற வீடுகளும் உண்டு. அங்கேதான் பெண்கள் எனக்கு மிகவும் பயமான ஒன்றைச் செய்கிறார்கள்: யாரோ நண்பரின் அறையில், இரண்டு கூட்டாளிகளைச் சாட்சியாக வைத்து, தஃப்தரும் இல்லாமல் பதிவும் இல்லாமல் ரகசிய நிக்காஹ். நாளை அவன் இல்லை என்று சொன்னால் உன் கையில் என்ன இருக்கும் தங்கச்சி? கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு), அதில் வலீ இல்லாமல் நிக்காஹ் செல்லாது. ஆனால் தகுதியான மாப்பிள்ளையை நியாயமான காரணம் இல்லாமல் வலீ மறுத்தால் அந்தப் பொறுப்பு மார்க்க நீதிபதியான காஜிக்குப் போகும் என்றும் அதே மத்ஹப் சொல்கிறது. ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபியில் வயதுவந்த பெண் தானே ஒப்பந்தம் செய்துகொள்ள இடமுண்டு. தமிழ்நாட்டில் எந்த மதத்துத் திருமணத்தையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். பையன் வேறு மதம், இருவரும் மதம் மாற விரும்பவில்லை என்றால் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதில் 30 நாள் நோட்டீஸ் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. வயதுவந்த பெண் யாரை மணப்பது என்பது அவள் முடிவு என்று ஹாதியா வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்த திருமணத்தை அது செல்லும் என்றது. அதனால் அடைத்துவைத்துப் பயனில்லை, மகளைத்தான் இழப்பீர்கள். 18 வயது ஆகாதவள் என்றால் காதலானாலும் வீட்டில் பார்த்த சம்பந்தமானாலும் கல்யாணப் பேச்சே வேண்டாம்.

பெண்களுக்கு: விருப்பம் என்றாலும் விருப்பமில்லை என்றாலும், நிச்சயத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு பெரியவரிடமாவது சொல்லிவிடுங்கள். உம்மாவிடம் முடியாவிட்டால் பெரியம்மா, மச்சி, ஊர் ஆலிமா (மார்க்கக் கல்வி கற்ற பெண்), யாரிடமாவது. நிச்சயமானவரே கேட்டாலும் அந்தரங்கப் படம் எதுவும் போனில் அனுப்ப வேண்டாம், நிச்சயம் முறிந்த பிறகு அந்தப் படங்களால் மிரட்டப்பட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் 181-க்கு அழையுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே வழக்கறிஞர் இலவசம். துணைக்கு வாப்பாவோ காக்காவோ வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை, தனியாகப் போகலாம்.