பரீட்சைக்கு முன்னால் ஒரு மெயில்

போன மாதம் தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். பிறவியிலேயே பார்வை இல்லை. பி.சி.ஏ. முடித்திருக்கிறான். பைத்தான் என்ற ப்ரோகிராம் மொழியில் அவன் எழுதியவற்றை வாங்கிக் கேட்டுப் பார்த்தேன், சுத்தமான வேலை. ஒரு நிறுவனத்தின் ஆன்லைன் தேர்வுக்கு உட்கார்ந்திருக்கிறான். தேர்வு தொடங்கியதும் காப்பியடிப்பதைத் தடுக்கும் மென்பொருள் மற்ற எல்லாவற்றையும் மூடியது. திரையை வாசித்துச் சொல்லும் அவனுடைய ஸ்கிரீன் ரீடரும் அதோடு போய்விட்டது. 90 நிமிடமும் பேசாத கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மறுநாள் தேர்வாகவில்லை என்று மெயில்.

"தெரிஞ்ச கேள்வியா, தெரியாத கேள்வியான்னுகூட எனக்குத் தெரியாதுண்ணே" என்றான்.

நானும் பார்வையில்லாதவன்தான். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் வளர்ந்தவன், 11 வருடமாக ப்ரோகிராமர் வேலை. வேலை தேடும் பார்வையற்ற பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறேன். அவர்கள் சொல்வதில் முக்கால்வாசி இதே கதை. வேலை தெரியாமல் தோற்றவர்கள் குறைவு. விண்ணப்பப் படிவத்திலும் தேர்வுப் பக்கத்திலும் சிக்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்ததைக் காட்டவே முடியாமல் திரும்பியவர்கள்தான் அதிகம்.

கண் தெரியாமல் எப்படி ப்ரோகிராம் எழுதுவது என்று பெற்றோரும் கேட்கிறார்கள், ஆள் எடுக்கும் அதிகாரிகளும் கேட்கிறார்கள். திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் வாசித்துச் சொல்லும். நாங்கள் மவுஸைத் தொடுவதில்லை, எல்லாம் கீபோர்டுதான். நான் வைத்திருப்பது என்.வி.டி.ஏ. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது, இன்றுவரை இலவசம். அதன் பெரும்பகுதி பைத்தானில் எழுதப்பட்டது என்பதைப் பிள்ளைகளிடம் தவறாமல் சொல்வேன். பைத்தானில் வரி எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்பது முக்கியம் அல்லவா? அதை இசைச் சுரம் போன்ற ஒலியால் சொல்லும்படி அமைத்துக்கொள்ளலாம். ஒரு வரி தவறான இடத்தில் நின்றால் காது உடனே பிடித்துவிடும். எனக்குப் பழகிய வேகத்தில் அது பேசினால் அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. "வண்டு இரையிற மாதிரி இருக்கு" என்பார்.

இனி, தேர்வுக்கு முன்னால் நாம் நிறுவனத்துக்கு எழுத வேண்டிய மெயில் விஷயம். என் முதல் நேர்முகத் தேர்வு சென்னையில். பார்வை இல்லை என்பதை எங்கேயும் எழுதாமல் சேது எக்ஸ்பிரஸில் போய் இறங்கினேன். வரவேற்பிலிருந்த அலுவலர் என் கையிலிருந்த வெள்ளைக் கோலைப் பார்த்ததும், "முன்னாடியே சொல்லியிருந்தா வர வேண்டாம்னு சொல்லியிருப்போமே" என்றார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அன்று ராத்திரி ரயிலிலேயே திரும்பினேன். அதற்குப் பிறகு சில காலம், சொன்னால் கூப்பிடவே மாட்டார்கள் என்று மறைப்பதுதான் சரி என்றிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பயோடேட்டாவில் எழுத வேண்டாம். அங்கே உங்கள் வேலை பேசட்டும். தேர்வுக்கு அழைப்பு வந்த அன்றே எழுத்தில் சொல்லிவிடுங்கள். போனில் சொன்னதற்கு அத்தாட்சி இருக்காது.

என்ன எழுதுவது? நான் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துகிறேன், இன்ன பெயர், இன்ன பதிப்பு. உங்கள் தேர்வு மென்பொருள் அதை மூடிவிடுமா? ஒருநாள் முன்பே மாதிரிப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். கூடுதல் நேரம் இவ்வளவு வேண்டும். கேமரா கண்காணிப்பு இருந்தால், என் கண் திரையில் நிற்காது, ஹெட்போனில் குரல் ஓடும். இரண்டையும் முறைகேடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேள்வியில் படம் இருந்தால் அதன் விவரம் எழுத்தில் வேண்டும். இவ்வளவுதான். கெஞ்சல் ஒரு வரிகூட வேண்டாம்.

ஏனென்றால் இது சலுகை கேட்பதல்ல. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனமானால், ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் உதவிக் கருவிகளுக்கான ஏற்பாடும் அதில் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. மெயில் எழுதும்போது அந்தக் கொள்கையின் நகலையும் கேளுங்கள். கேட்டதும் பதிலின் தொனி மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுக முடிவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும். இவற்றைக் கேட்கும்போது மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. கையில் இருப்பது நல்லது. இன்னும் எடுக்காதவர்கள் ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

வாய்ப்பு வந்த பிறகு இன்னொன்று நடக்கும். "உங்களுக்கு அணுகல் சோதனை வேலை தருகிறோம்" என்பார்கள். பார்வையற்றோருக்கு ஒரு தளம் ஒத்துழைக்கிறதா என்று சோதிக்கும் வேலை அது. நல்ல வேலைதான், பிடித்தால் செய்யுங்கள். ஆனால் சர்வர் பக்க ப்ரோகிராம் எழுதத் தெரிந்தவனைக் கண் இல்லாத ஒரே காரணத்துக்காக அங்கே தள்ளினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 14 வயதில் பார்வையை இழந்த கணினி விஞ்ஞானி டி.வி. ராமன் 1990-களிலேயே ஈமாக்ஸ்பீக் என்ற பேசும் கணினிச் சூழலைத் தானே எழுதியவர். எங்களால் எதைச் செய்ய முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "தனியா எப்படித் தம்பி அனுப்புறது?" என்று தங்கச்சிமடத்து அம்மா ஒருவர் அழுதார். மகளுக்கு ஜாவா தெரியும், ஆனால் வீட்டு வாசலைத் தாண்டித் தனியாகப் போனதில்லை. வீட்டிலிருந்து பார்க்கும் வேலையானாலும் முதல் மாதம் நேரில் வரச் சொல்லும் இடங்கள் உண்டு. என் அப்பா எனக்கு 15 வயதில் ராமநாதபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் பின் சீட்டில் பேசாமல் உட்கார்ந்து வந்தார். நாலாவது வாரம் அவர் வரவில்லை. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் கடற்படை விமானத் தளம் உள்ள உச்சிப்புளி என்று நானே கண்டுபிடித்துக்கொண்டேன். கோல் பிடித்து நடக்கும் பயிற்சியைப் படிப்பு முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

தொண்டித் தம்பி அடுத்த நிறுவனத்துக்கு மெயிலைத் தானே எழுதினான். நான் ஒரு வரியை மட்டும் மாற்றினேன். மூன்றாம் நாள், எந்தப் பதிப்பு என்று கேட்டுப் பதில் வந்தது. 30 நிமிடம் கூடுதல் நேரமும் மாதிரிப் பக்கமும் கொடுத்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் அதை ஓட்டிப் பார்த்தான். பக்கத்தில் ஒவ்வொரு இடமாக நகர உதவும் டேப் கீ, ப்ரோகிராம் எழுதும் எடிட்டருக்குள் போனதும் வெளியே கொண்டுவராமல் நின்றுவிட்டது. ப்ரோகிராம் எழுதும் மென்பொருளான விஎஸ் கோடில் செய்வதுபோல் கண்ட்ரோலோடு எம் அழுத்திப் பார்த்து, வழியைத் தானே கண்டுபிடித்தான். விடையை அனுப்பும் பட்டனுக்கு மட்டும் பெயரே இல்லை. வெறும் "பட்டன்" என்றே குரல் சொன்னது. அதையும் அன்றிரவே எழுதி அனுப்பிவிட்டான்.