அட்டவணைகளை இணைக்கும் எண்: 3141592653

மருத்துவ ஆய்வு செய்யும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் நிரல்மொழியில் மூன்று அட்டவணைகளை நோயாளி எண்ணை வைத்து இணைக்கிறேன். முதல் இரண்டிலும் தலா 10,000 வரிசைகள். என்டரிலிருந்து விரலை எடுப்பதற்குள் விடை வந்துவிடுகிறது. அவ்வளவு வேகமாக எப்படித் தேடுகிறது? அதோடு, அந்த இரண்டை இணைத்ததுமே 11,950 வரிசைகள் வந்து நிற்கின்றன. இல்லாத ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்?”

அட்டவணைகளை இணைக்க ஆரில் உள்ள மெர்ஜ் ஃபங்ஷன் செய்வது தெரிந்த வேலைதான். இரண்டு அட்டவணைகளுக்கும் பொதுவான நெடுவரிசையைக் கீயாக, அதாவது பொருத்திப் பார்க்கும் அடையாளமாக, எடுத்துக்கொண்டு, ஒரே கீ உள்ள வரிசைகளை ஒட்டும். ஜோடி கிடைக்காத வரிசைகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்; அவையும் வேண்டுமென்றால் நாம்தான் கேட்க வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு அட்டவணைகள்தான் எடுக்கும். மூன்றாவதை, வந்த விடையோடு மறுபடி இணைக்க வேண்டும். பத்து இருந்தால் பட்டியலாக்கி ரெட்யூஸ் என்ற இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுத்துவிடலாம். ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும்.

வேகத்துக்கு வருவோம். முதல் அட்டவணையின் ஒவ்வொரு கீயையும் இரண்டாவதில் மேலிருந்து கீழாகத் தேடினால், 10,000 தடவை 10,000: மோசமான நிலையில் 10 கோடி ஒப்பீடுகள். ஆர் அந்த வழிக்கே போவதில்லை. கீயை வைத்து ஒரு கணக்குப் போடுகிறது. கணினி நினைவகத்தில் அது எந்த அறையில் இருக்கும் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. இதற்கு ஹாஷிங் என்று பெயர்.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கிய இந்த மொழியின் மூல நிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது; யாரும் படிக்கலாம். அதில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்றே ஒன்றுதான். முழு எண் கீ எதுவானாலும் 3141592653-ஆல் பெருக்கு என்கிறது அந்த வரி. ஆம், பை எண்ணின் முதல் பத்து இலக்கங்கள், புள்ளியை எடுத்துவிட்டு.

பெருக்கியபின் 32 பிட்டில் (0, 1 மட்டுமே கொண்ட 32 இலக்கங்களில்) அடங்காமல் வழிவது தானாகக் கொட்டிப்போகும். மிஞ்சியதில் முதல் சில பிட்டுகள்தான் அறை எண். அறைகள் எத்தனை? கீகளைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாத, 2-இன் அடுக்காக வரும் மிகச் சிறிய எண். 10,000 கீகளுக்கு 32,768 அறைகள்.

கையால் செய்து பார்ப்போம். 101, 102, 103, 106 என்று நான்கு நோயாளிகள். அறைகள் 8, எண்கள் 0 முதல் 7 வரை. 8 அறைகளையும் ஒரு வட்டமாக அடுக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெருக்கலின் விளைவு இதுதான்: கீ ஒன்று கூடும்போதெல்லாம் வட்டத்தில் 0.7315 சுற்று தாவுகிறோம். 101 போய் விழுவது 7-ஆம் அறை. 102 அடுத்த அறைக்குப் போகவில்லை. தாவி 4-இல் விழுகிறது. 103-க்கு 2. 106-க்கும் கணக்கு 4 என்கிறது, ஆனால் அங்கே 102 ஏற்கெனவே இருக்கிறார். அப்போது ஆர் செய்வது மிக எளிமையானது: பக்கத்து அறை காலியா என்று பார்க்கிறது. 5 காலி, 106 அங்கே குடியேறிவிடுகிறார். பிற்பாடு 106-ஐக் கேட்டால் முதலில் 4-ஆம் அறையைத் தட்டும், ஆள் வேறு என்று தெரிந்ததும் 5-ஐத் தட்டும். இரண்டு தட்டில் வேலை முடிந்தது. பாதி அறைகளாவது எப்போதும் காலியாக இருப்பதால், வழக்கமாக நீண்ட அலைச்சல் கிடையாது.

வெறுமனே 8-ஆல் வகுத்து மீதியை அறை எண்ணாக வைத்தால் போதாதா? 100, 200, 300, 400 என்று எண் கொடுத்திருந்தால் மீதி 4, 0, 4, 0. எல்லோரும் இரண்டே அறைகளில் நெருக்கியடிப்பார்கள். பை எண் கணக்கில் அதே நான்கு பேரும் 1, 2, 3, 4 என்று தனித்தனி அறைகளுக்குப் போகிறார்கள். இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று வேறு வேலையே ஓடவில்லை எனக்கு. மனிதர்கள் எண் கொடுக்கும்போது ஒரு ஒழுங்கோடுதான் கொடுப்பார்கள். அந்த ஒழுங்கைக் கலைத்துப்போடுவதுதான் இந்தப் பெருக்கலின் வேலை.

இரண்டு நெடுவரிசைகள் சேர்ந்து கீயாக இருந்தால், மெர்ஜ் இரண்டையும் எழுத்தாக்கி, நடுவில் கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் குறி ஒன்றை வைத்து ஒட்டிவிடும். அந்தக் குறி இல்லாவிட்டால் ‘1, 23’ என்பதும் ‘12, 3’ என்பதும் ஒன்றாகிவிடும் அல்லவா?

இனி அந்த 11,950. வாசகியின் கோப்புகளைப் பார்த்தேன். முதலாவதில் 40 வரிசைகளில் நோயாளி எண் இல்லை. இரண்டாவதில் 50 வரிசைகளில் இல்லை. மற்ற எண்களில் 9,950 இரண்டிலும் உள்ளன. எண் இல்லாத இடத்தை ஆர் ‘என்ஏ’ என்று குறிக்கிறது. அதையும் ஒரு மதிப்பாகவே கருதி ஓர் அறையும் கொடுக்கிறது. ஆகவே இந்தப் பக்கத்து 40 என்ஏவும் அந்தப் பக்கத்து 50 என்ஏவும் ஒரே ஆளாகிவிட்டன. 40-ஐ 50-ஆல் பெருக்கினால் 2,000 வரிசைகள். மூன்றாவது அட்டவணையில் பத்தே பத்து என்ஏ இருந்தாலும் அந்த 2,000 அப்படியே 20,000 ஆகும். எஸ்கியூஎல் என்ற வினவல் மொழியில் இயங்கும் தரவுத்தளங்களில் இது நடக்காது. அங்கே வழக்கமான இணைப்பில் தெரியாத ஒன்று இன்னொரு தெரியாததற்குச் சமமாகாது. என் கருத்தில் அதுதான் சரி. யாரென்றே தெரியாத ஒருவரின் ரத்தப் பரிசோதனையை யாரென்றே தெரியாத இன்னொருவரின் பெயரில் எழுதிவைப்பது ஆய்வே ஆகாது.

இதில் எனக்கு உண்மையான ஆதங்கம் உண்டு. கருவி வாங்கவும் மாநாட்டுக்குப் போகவும் ஆய்வு நிதியில் தாராளமாக இடம் இருக்கிறது. தரவு சேரும் நாளிலேயே எண்களைச் சரிபார்க்கும் ஒருவருக்குச் சம்பளம் என்று கேட்டால், அது ஆடம்பரமாகத் தெரிகிறது. அந்த 40 வரிசைகளும் 40 மனிதர்கள். ஊசி குத்தி ரத்தம் கொடுத்தவர்கள்.

வாசகிக்கு நான் எழுதியது இதுதான்: இணைக்கும் முன் ஒவ்வொரு அட்டவணையிலும் கீ காலியாக உள்ள வரிசைகளைத் தனியே எடுத்து வையுங்கள். ஒரே கீ இரண்டு தடவை வருகிறதா என்று எண்ணுங்கள். ஒரு பக்கம் 3 தடவையும் மறு பக்கம் 4 தடவையும் வந்தால் 12 வரிசைகள் முளைக்கும், மெர்ஜ் வாயே திறக்காது. ஆருக்கான டிப்ளையர் என்ற கூடுதல் தொகுப்பு 2023-இல் வந்த 1.1.0 பதிப்பிலிருந்து இதற்கு எச்சரிக்கை தருகிறது. பிறகு அந்த 40 பேரின் காகிதப் படிவங்களைத் தேடி எடுங்கள். நேற்றுவரை 31 பேரின் எண் கிடைத்துவிட்டதாம்.