'சீனச் செல்வாக்கு' என்று எழுதும்போது நாம் எதை விட்டுவிடுகிறோம்?

இளங்கலை மாணவர்களுக்குக் கிழக்காசிய வரலாறு கற்பிக்கும் நான், விடைத்தாள் திருத்தும் ஒவ்வொரு பருவத்திலும் ஒரே வாக்கியத்தைப் பலமுறை சந்திக்கிறேன்: "ஜப்பான், கொரியா, வியட்நாம் ஆகிய மூன்றும் எழுத்து, சமயம், ஆட்சிமுறை அனைத்தையும் சீனாவிடமிருந்து பெற்றன." அடுத்த பக்கத்தில், அதற்குத் தொடர்பே இல்லாததுபோல், "போர்வீரர் ஆட்சி ஜப்பானுக்கு மட்டுமே உரிய சிறப்பு" என்று இருக்கும். முதல் வாக்கியத்தை முழுப் பிழை என்று அடித்துவிட முடியாது. ஆனால் பெற்றதை யார் கையில் எடுத்தார்கள், எதற்குப் பயன்படுத்தினார்கள் என்ற கேள்வியை அது எழவிடாமல் செய்துவிடுகிறது. இரண்டாவது வாக்கியமோ உண்மையே அன்று.

வகுப்பில் நான் முதலில் கரும்பலகையில் எழுதுவது மூன்று ஆண்டுகளை: 1170, 1185, 1225. கொரியாவின் கொர்யோ அரசில் படைத்தலைவர்கள் அரண்மனையைக் கைப்பற்றியது முதலாவது. ஜப்பானில் தைரா என்ற போர்க்குடும்பம் கடற்போரில் அழிந்து, எதிர்க் குடும்பத்தின் தலைவரான மினமோதோ யொரிதொமோவின் கை ஓங்கியது இரண்டாவது. வியட்நாமில் லீ வம்சத்தின் அரியணை ட்ரான் குடும்பத்துக்கு மாறியது மூன்றாவது. ஐம்பத்தைந்தே ஆண்டுகளில், சீனத்தின் நூல்களைப் படித்து வளர்ந்த மூன்று அரசவைகளிலும் வாளேந்தியவர்கள் அதிகாரத்தின் நடுவே வந்து நின்றார்கள்.

கொரியாவின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பாடங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது அதுதான். 958இல் மன்னர் க்வாங்ஜோங், சீனாவிலிருந்து வந்த அறிஞர் ஒருவரின் ஆலோசனைப்படி, அரசுப் பணிக்கான எழுத்துத் தேர்வைத் தொடங்கினார். தேர்வில் செய்யுளும் சீனச் செவ்வியல் நூல்களும் அறிந்தவர்கள் உயர்ந்தார்கள். போர்த்தொழிலில் இருந்தவர்கள் எவ்வளவு முயன்றாலும் மூன்றாம் படிநிலைக்கு மேல் செல்ல வழியில்லை. பெரும்படைகளுக்குத் தலைமை தாங்கியவர்களும் பல நேரங்களில் எழுத்தறிஞர்களே. இந்த அவமதிப்பு நூறாண்டுகளுக்கு மேல் சேர்ந்துகொண்டே போயிற்று. 1170இல் மன்னர் உயிஜோங் உலாப் போன இடத்தில் வீரர்களை மற்போருக்கு விட்டார். தோற்று விலகிய வயது முதிர்ந்த தளபதி ஒருவரை, ஹன் ரோ என்ற இளைய அவை அலுவலர் கன்னத்தில் அறைந்தார். கிழவர் படிக்கட்டிலிருந்து கீழே விழ, மன்னரும் அறிஞர்களும் கைதட்டிச் சிரித்தார்கள். அன்றிரவே படுகொலை தொடங்கியது. மன்னர் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

1196இல் அதிகாரத்தைப் பிடித்த தளபதி சோ சுங்ஹன், இரண்டு மன்னர்களை இறக்கி நால்வரை அரியணையில் ஏற்றினார். அவருடைய குடும்பம் 1258 வரை ஆண்டது. அப்படிப்பட்டவரும் சீன முறைத் தேர்வை நிறுத்தவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஆவணம் எழுதவும் அண்டை நாட்டுக்கு ஓலை அனுப்பவும் அறிஞர்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் இப்போது வாளுக்குக் கீழே இருந்து எழுதினார்கள், அவ்வளவே. 1198இல் அதே சோ சுங்ஹனின் அடிமையான மன்ஜோக், மலையில் விறகு வெட்ட வந்த அடிமைகளைக் கூட்டி, "அரசரும் அமைச்சரும் தளபதிகளும் தனி விதையிலிருந்தா முளைத்தார்கள்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி சீனாவின் சின் பேரரசுக்கு எதிராகக் கி.மு. 209இல் எழுந்த உழவர் தலைவனின் வாயிலிருந்து வந்ததாகச் சீன வரலாற்று நூல் பதிந்துவைத்தது. அரசவை இறக்குமதி செய்த நூலின் ஒரு வரி, தேர்வெழுத உரிமையற்றவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. திட்டம் காட்டிக்கொடுக்கப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார்கள். 'செல்வாக்கு' என்ற ஒற்றைச் சொல்லில் மன்ஜோக்குக்கு இடமில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஜப்பானில் சீனாவின் தாங் பேரரசை ஒட்டிய சட்டத் தொகுப்பு 701இல் முழுமை பெற்றது. தலைநகரும் சீனத் தலைநகரைப் போலக் கட்டங்களாக வகுக்கப்பட்டது, ஆனால் ஊரைச் சுற்றி மதில் எழவில்லை. உயர்பதவி தேர்வால் அன்றிப் பிறப்பால் கிடைத்தது. இதில் திருப்புமுனை 792 என்பேன். தாங் பாணியில் உழவர்களைக் கட்டாயமாகச் சேர்த்த படைமுறையை எல்லைப் பகுதிகள் நீங்கலாக அந்த ஆண்டு அரசு கைவிட்டது. அதன்பின் குதிரையும் வில்லும் சொந்தமாக வைத்திருந்த வட்டாரக் குடும்பங்களை நம்பியே ஆட்சி நடந்தது. அந்தக் குடும்பங்களின் வழித்தோன்றல்களே சாமுராய்கள். சீனமுறை கைவிடப்பட்ட இடத்தில் முளைத்தவர்களைத்தான் நாம் ஜப்பானின் அடையாளமாகக் காண்கிறோம்.

1232இல், கமகுரா நகரில் இருந்த போர்வீரர் அரசை நடத்திய ஹோஜோ யசுதோகி 51 விதிகள் கொண்ட சட்டம் ஒன்றை வகுத்தபோது, பேரரசரின் தலைநகரான கியோட்டோவில் இருந்த தம்பிக்குக் காரணத்தை விளக்கி எழுதினார்: பழைய சட்டங்கள் சிறந்தவையே, ஆனால் ஜப்பானிய ஒலியெழுத்தான கானா மட்டும் தெரிந்தவன் சீன எழுத்தின் முன் குருடனாகிவிடுகிறான்; வீரர்களிலும் மக்களிலும் அச்சட்டங்களை அறிந்தவர் ஆயிரத்தில் ஒருவரும் இல்லை. பிள்ளையில்லாத பெண் தத்தெடுத்து நிலத்தைக் கொடுக்கலாமா என்ற விதி, பழைய சட்டம் இதை ஏற்காது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, யொரிதொமோ காலம் முதல் இதுவே வழக்கம் என்று அனுமதிக்கிறது. மேலே சீனம், கீழே வழக்கம். எது செல்லும் என்று தீர்ப்பவர் வீரர்.

வியட்நாமில் போர்க்குடும்பம் மன்னருக்குப் பின்னால் நிற்கவில்லை, தானே மன்னராயிற்று. சிறுமியான லீ அரசியைத் தம் குடும்பச் சிறுவனுக்கு மணமுடித்து, அவனுக்கு முடியை விட்டுக்கொடுக்கச் செய்தார்கள். ட்ரான் மன்னர்கள் சீன முறைத் தேர்வை நடத்தினார்கள். ஆனால் ஒரே குலப்பெயருக்குள் மணக்கக் கூடாது என்ற சீன விதியை மீறி, நம் வழக்கில் பங்காளிகள் என்று சொல்லத்தக்கவர்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தார்கள். அரியணை வெளியே போகாமல் காக்க அது அவர்கள் கண்ட வழி.

சீனாவை வென்ற மங்கோலியர் 1285இல் படையெடுத்து வந்தபோது, ட்ரான் வீரர்கள் 'தாத்தாரைக் கொல்' (தாத்தார் என்றது மங்கோலியரை) என்ற இரண்டு எழுத்துகளைக் கையில் பச்சை குத்திக்கொண்டு களத்தில் நின்றார்கள். பச்சை குத்துவது ட்ரான் குடும்பம் தோன்றிய கடலோர மக்களின் பழைய வழக்கம். கற்ற சீனர் இழிவாகக் கருதியது. குத்திய எழுத்துகள் மட்டும் சீன எழுத்துகள்.