குலை வெட்டும் உடம்புக்குப் பயிற்சி எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் இடுப்பு வலிக்குப் பயிற்சி செய்யச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "விடிஞ்சதுலேர்ந்து குலை வெட்டுறோம், உதிரி பொறுக்குறோம். இதுக்கு மேல என்னா பயிற்சி?" நியாயமான கேள்விதான். 20 கிலோ செம்பனைக் குலையைத் தூக்கி வண்டியில் போடுகிறவருக்குப் பலம் குறைச்சல் என்று யார் சொல்வது?

சிக்கல் பலத்தில் இல்லை. இடுப்புப் பகுதியில் 5 முதுகெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன, இடையிடையே மெத்தைபோன்ற வட்டுகள் (டிஸ்க்). தசைகளை நீக்கிவிட்டு இந்த அடுக்கை மட்டும் சோதனைக்கூடத்தில் நிறுத்திப் பாரம் ஏற்றியபோது, சுமார் 9 கிலோவிலேயே வளைந்து சரிந்தது. கூரைமேல் நிற்கும் ஆண்டெனா கம்பத்தை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகள் தாங்குவதுபோல, முதுகை நிமிர்த்தி வைப்பவை தசைகள்தான்.

அவற்றில் ஆழத்தில் கிடப்பவற்றையே 'கோர்' என்று முக்கியமாகச் சொல்கிறார்கள்: வயிற்றைக் குறுக்காகச் சுற்றிவரும் உள்தசை, முதுகெலும்பை ஒட்டிய மல்டிஃபிடஸ், மேலே மூச்சுக்கு உதவும் உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள். இவை சேர்ந்து இறுகும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடி முதுகுக்கு முட்டுக் கிடைக்கிறது.

1996இல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு. கையைத் தூக்கச் சொன்னால், வலியில்லாதவர்களுக்குக் கைத்தசைக்கு முன்பே வயிற்றின் உள்தசை இறுகிவிட்டது. முதுகுவலிக்காரர்களுக்கு அது தாமதமாகத்தான் இறுகியது. அதே ஆண்டு இன்னோர் ஆய்வு: வலி போனபிறகும் சுருங்கிய மல்டிஃபிடஸ் தானாகத் தேறவில்லை, பயிற்சி செய்தவர்களுக்குத்தான் தேறியது. கோடாலித் தைலம் தேய்த்து வலி விட்டதும் மறுநாளே அரிவாளைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவருக்கு ஏன் திரும்பத் திரும்பப் பிடிக்கிறது என்பதற்கு இது ஒரு காரணமாகலாம்.

ஆக, குறை பலத்தில் இல்லை, உள்தசைகள் நேரத்துக்கு இறுகுவதில்தான். அதனால் பயிற்சி மெதுவாகவும் சின்னதாகவும் இருக்க வேண்டும். பாயில் கை, முட்டி ஊன்றி நில்லுங்கள். அடிவயிற்றை லேசாக இறுக்கி, வலக்கையை முன்னாலும் இடக்காலைப் பின்னாலும் நீட்டுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். 8, 10 விநாடி போதும். அப்புறம் பக்கம் மாற்றுங்கள். கால் எவ்வளவு உயரம் போகிறது என்பது கணக்கே இல்லை. இடுப்பு சாயாமல், முதுகு குழியாமல் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. முதுகில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தால் சிந்தக்கூடாது. அது பழகியதும், ஒருக்களித்து முழங்கை ஊன்றி, முட்டியை மடித்தபடி இடுப்பைத் தூக்கி நிறுத்தலாம். டிக்டாக்கில் முழங்கை, கால்விரல் ஊன்றி உடம்பைப் பலகைபோல நிறுத்தி 2 நிமிடம் 'பிளாங்க்' போடுகிற இளவட்டங்களோடு போட்டி வேண்டாம்.

நேரமும் முக்கியம். இரவு படுத்திருக்கையில் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிந்தால் அவற்றுக்கு அழுத்தம் அதிகம். இருட்டோடு பால் மரம் (ரப்பர்) சீவப் போகிறவர்கள் இடுப்பை வளைக்காமல் முட்டியை மடித்துக் குனிவது நல்லது. பயிற்சியைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம்.

கோர் பயிற்சி ஒன்றும் மந்திரமில்லை. நாள்பட்ட வலிக்கு மற்றப் பயிற்சிகளும் ஏறக்குறைய அதே பலனைத் தருகின்றன. நடப்பது பிடித்தால் நடங்கள். விடாமல் செய்வதே பலிக்கும். ஆனால் காலில் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுக்கு வராமல் போனாலோ பாயை விரிக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.